சைனஸ் சி.டி. ரிப்போர்ட் கையில் வந்த பிறகு: ஸ்ப்ரேயா, ஆபரேஷனா?

சைனஸ் சி.டி. எடுத்து முடித்து டேபிளிலிருந்து இறங்கும்போதே பலரும் கேட்டுவிடுவார்கள்: "ஆபரேஷன் தேவைப்படுமா?" பெங்களூரு சிவாஜிநகர் பக்கம் ஒரு ஸ்கேன் சென்டரில் நான் டெக்னீஷியன். படம் எடுப்பதோடு என் வேலை முடிந்தது. ரிப்போர்ட் எழுதுவது ரேடியாலஜிஸ்ட், முடிவு சொல்வது ஈ.என்.டி. டாக்டர். அதனால் "டாக்டரைக் கேளுங்க" என்று சொல்லி அனுப்பிவிடுவேன். அல்சூர், மர்பி டவுன் பக்கத்துத் தமிழ்க்காரர்கள் என் பேச்சைக் கேட்டதும் உரிமையோடு இன்னொரு தடவை கேட்பார்கள். அங்கே நின்று சொல்ல முடியாததை இங்கே பொதுவாக எழுதுகிறேன்.

ரிப்போர்ட்டில் "மூக்குத் தண்டு வளைவு" (இரு மூக்குத் துளைகளுக்கும் நடுவே உள்ள சுவர் வளைந்திருப்பது), "கோன்கா புல்லோசா", "ஹாலர் செல்" என்று எத்தனை வரி இருந்தாலும், அந்த வரிகளை எண்ணி ஆபரேஷனை முடிவு செய்ய முடியாது. வளைவே இல்லாத மூக்குள்ளவருக்கு ஆபரேஷன் தேவைப்படலாம். ரிப்போர்ட் முழுக்க வளைவும் முண்டும் உள்ளவர் ஒரு உப்புநீர் பாட்டிலோடு நன்றாக இருக்கலாம். முடிவைத் தீர்மானிக்கிறவை மூன்று விஷயங்கள்: உங்களுக்கு இருப்பது உண்மையிலேயே சைனஸ் அழற்சிதானா, அது எந்த வகை, மருந்தை ஒழுங்காகப் போட்டுப் பார்த்தாகிவிட்டதா.

முதலில், இது சைனஸ்தானா?

நாள்பட்ட சைனஸ் அழற்சி என்று சொல்ல 12 வாரத்துக்குக் குறையாமல் தொந்தரவு இருக்க வேண்டும். மூக்கடைப்பு, மூக்கிலோ தொண்டைக்குப் பின்னாலோ வடியும் சளி, முகத்தில் வலி அல்லது அழுத்தம், வாசனை தெரியாமை ஆகிய நான்கில் இரண்டாவது வேண்டும். அந்த இரண்டில் ஒன்று அடைப்பாகவோ சளியாகவோ இருக்க வேண்டும். அப்புறம் மூக்குக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோப்பியிலோ சி.டி.யிலோ அதற்குச் சாட்சி தெரிய வேண்டும். 2020இல் வந்த ஐரோப்பிய வழிகாட்டுதல் சொல்வது இதைத்தான், இங்குள்ள ஈ.என்.டி. டாக்டர்களும் பெரும்பாலும் இதையேதான் பின்பற்றுகிறார்கள்.

வெறும் தலைவலி இந்தப் பட்டியலிலேயே இல்லை என்பதைக் கவனியுங்கள். அமெரிக்காவில் 2004இல் வெளியான ஓர் ஆய்வில், "எனக்கு சைனஸ் தலைவலி" என்று சொல்லிக்கொண்ட 2,991 பேரைக் கேட்டுப் பார்த்தபோது 88 சதவீதம் பேருக்கு இருந்தது மைக்ரேன் வகைத் தலைவலி. நெற்றியில் அழுத்தம், கண்ணில் தண்ணீர், லேசான மூக்கொழுகல் இவையெல்லாம் மைக்ரேனிலும் வரும். சளி இல்லை, அடைப்பு இல்லை, வாசனை நன்றாகத் தெரிகிறது, தலை மட்டும் வலிக்கிறது என்றால் மூக்கில் ஆபரேஷன் செய்து அந்த வலி போகும் என்று எதிர்பார்க்காதீர்கள். சி.டி. சுத்தமாக வந்ததும் "மிஷின் சரியில்லையா?" என்று என்னிடம் சண்டைக்கு வந்தவர்கள் உண்டு!

பெங்களூருக்குக் குடிவந்த பிறகுதான் தும்மல், அடைப்பு என்பவர்கள் நிறைய. இந்த ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். காலையில் குளிர், காலி மனைகள் தோறும் பார்த்தீனியம், வீட்டுக்குள் மெத்தைத் தூசியில் வாழும் நுண்ணுண்ணி, தெருவெல்லாம் கட்டுமானத் தூசி. பிப்ரவரி, மார்ச்சில் ரோஜா நிறத்தில் பூத்து நிற்கும் டபேபுயா மரத்தைப் பலர் திட்டுகிறார்கள். பாவம், அது தேனீ தூக்கிப் போகும் மகரந்தம். காற்றில் வந்து மூக்கைத் தாக்குவது பெரும்பாலும் அழகில்லாத களையும் புல்லும்தான். அலர்ஜி மட்டும் என்றால் அதன் வைத்தியம் வேறு. சைனஸ் அழற்சியோடு சேர்ந்திருந்தால் இரண்டையும் பார்க்க வேண்டும்.

மூக்குக்குள் என்ன நடக்கிறது

சைனஸ் என்பவை முக எலும்புக்குள் உள்ள காற்றறைகள். பக்கத்துக்கு நான்கு தொகுதி: கன்னத்தில் ஒன்று, நெற்றியில் ஒன்று, இரு கண்களுக்கும் நடுவே தேன்கூடு போல் சிறு அறைகள், ஆழத்தில் மண்டையோட்டின் அடிப்பகுதியை ஒட்டி ஒன்று. எல்லாவற்றின் உட்பூச்சும் சளி சுரக்கும். அதன் மேலுள்ள நுண்மயிர்கள் அந்தச் சளியை ஒரே திசையில் தள்ளிக்கொண்டே இருக்கும்.

கன்ன சைனஸின் வாசல் கீழே இல்லை, மேலே இருக்கிறது. நிரம்பினால் மட்டும் வழியும்படி மேல் ஓரத்தில் குழாய் வைத்த மொட்டைமாடித் தொட்டி போல. ஆகவே சளி தானாக வழிந்து இறங்காது. நுண்மயிர்கள் மேல்நோக்கித் தள்ளித்தான் வெளியேற்ற வேண்டும். கன்னம், நெற்றி, முன்பக்கச் சிற்றறைகள் மூன்றும் நடு மடலுக்கு (மூக்கின் பக்கச் சுவரிலிருந்து மடல் மடலாக நீட்டிக்கொண்டிருப்பவற்றில் நடுவில் உள்ளது) அடியில் உள்ள ஒரே குறுகிய சந்தில்தான் வந்து சேர்கின்றன. அந்தச் சந்து வீங்கி அடைத்தால் மூன்றும் தேங்கும்.

பழைய காலத்தில் மேலுதட்டுக்கு உட்புறம் கிழித்து, கன்ன எலும்பில் ஓட்டை போட்டு, உட்பூச்சைச் சுரண்டி எடுப்பார்கள். கால்ட்வெல் என்பவர் 1893இலும் லூக் என்பவர் 1897இலும் விவரித்த முறை அது. கீழ்ப்பக்கமாகப் புது வாசலும் வைப்பார்கள். ஆனால் நுண்மயிர்கள் அந்தப் புது வாசலைக் கண்டுகொள்ளாமல் சளியைப் பழைய வாசலுக்கே தள்ளிக்கொண்டிருந்தன. ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் மெஸ்ஸர்கிளிங்கர் என்ற டாக்டர் இதை எண்டோஸ்கோப்பில் பார்த்துப் பதிவு செய்தார். இயற்கை வாசலையே பெரிதாக்க வேண்டும் என்ற யோசனை அங்கிருந்து பிறந்தது. 1985இல் அமெரிக்காவில் கென்னடி என்ற ஈ.என்.டி. சர்ஜன் அந்த ஆபரேஷனுக்கு வைத்த பெயரின் (ஃபங்ஷனல் எண்டோஸ்கோப்பிக் சைனஸ் சர்ஜரி) சுருக்கம்தான் இன்று எல்லா ஆஸ்பத்திரி எஸ்டிமேட்டிலும் வரும் "ஃபெஸ்".

ரிப்போர்ட்டை எப்படிப் பார்ப்பது

ரிப்போர்ட்டில் வரும் அமைப்பு வேறுபாடுகளை நான் மூன்றாகப் பிரித்துப் பார்ப்பேன். மருத்துவப் புத்தகம் இப்படிப் பிரிக்காது. ஆனால் நோயாளிக்கு இது வசதி.

முதல் வகை, வழியைக் குறுக்கக்கூடியவை. மூக்குத் தண்டு வளைவு, அதில் நீட்டிக்கொண்டிருக்கும் எலும்பு முள், நடு மடலுக்குள் காற்று நிரம்பி உப்பியிருக்கும் கோன்கா புல்லோசா, கண்குழியின் தரையை ஒட்டிய ஹாலர் செல், நெற்றி சைனஸ் வழியை நெருக்கும் அகர் நாசி செல் எல்லாம் இதில் வரும். மூக்குத் தண்டு நூல் பிடித்த மாதிரி நேராக இருப்பவரைப் பார்ப்பதே அபூர்வம். கோன்கா புல்லோசா மூன்றில் ஒருவர் என்ற அளவில்கூடக் காணப்படும். இவை இருப்பவர்களுக்குத்தான் சைனஸ் அழற்சி அதிகம் வருகிறது என்று தெளிவாக நிறுவ முடியவில்லை. இருப்பவர்களில் பெரும்பாலானவர்கள் தொந்தரவே இல்லாமல் வாழ்ந்து முடிக்கிறார்கள். எந்தப் பக்கம் அமைப்பு நெருக்குகிறதோ அந்தப் பக்கமே சந்து அடைந்து, அதற்குப் பின்னாலுள்ள அறைகளே நிரம்பியிருந்தால் மட்டும் அந்த வரிக்கு எடை கூடும். வளைவு இடப்பக்கம், சளி வலப்பக்கம் என்றால் அந்த வளைவின் மேல் பழி போடுவதற்கு முன் யோசிக்க வேண்டும்.

இரண்டாவது வகை, நோய்க்குச் சம்பந்தமில்லாமல் சர்ஜனை எச்சரிப்பவை. ஓனோடி செல் (ஆழத்து சைனஸுக்கு மேல் வரை நீண்டிருக்கும் பின்பக்கச் சிற்றறை) இருந்தால் பார்வை நரம்பு அதன் சுவரை ஒட்டிப் போகும். கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவே உள்ள எலும்பு தாளைப் போல் மெல்லியது. சிலருக்கு அதில் பிறவியிலேயே இடைவெளி இருக்கும். வாசனை நரம்பு இறங்கும் பள்ளத்தின் ஆழத்தை கெராஸ் என்பவர் 1962இல் மூன்றாக வகுத்தார்: 1 முதல் 3 மி.மீ., 4 முதல் 7, 8 முதல் 16. ஆழம் கூடக் கூட, அந்தப் பள்ளத்தின் மெல்லிய பக்கச் சுவர் ஆபரேஷன் கருவியின் பாதையில் அதிகம் நீட்டிக்கொண்டிருக்கும். அதற்கு அந்தப் பக்கம் மூளை. "கெராஸ் மூன்றாம் வகை" என்று படித்துவிட்டுப் பயந்துபோய் வருகிறவர்கள் உண்டு. அது ஒரு வியாதி இல்லை. ஆபரேஷன் என்று வந்தால் அனுபவமுள்ள கையைத் தேட வேண்டும் என்பதற்கான குறிப்பு, அவ்வளவுதான்.

மூன்றாவது வகை, பெரும்பாலும் கண்டுகொள்ளத் தேவையில்லாதவை. கன்ன சைனஸின் தரையில் உருண்டையாகத் தெரியும் சளிக் கட்டி, ஓரிரு மி.மீ. உட்பூச்சுத் தடிப்பு, ஒரு பக்கக் கீழ்மடல் மட்டும் பெரிதாகத் தெரிவது. கடைசியாகச் சொன்னது சுவாரசியமானது: ஆரோக்கியமான மூக்கிலேயே சில மணி நேரத்துக்கு ஒரு பக்க மடல் வீங்கி மறுபக்கம் சுருங்கும், பிறகு மாறும். நான் படம் எடுத்த நேரத்தில் எந்தப் பக்கத்தின் முறையோ அந்தப் பக்கம் தடித்துத் தெரியும்.

சைனஸ் அடைப்புக்கு மதிப்பெண் போடும் லண்ட்-மக்கே முறையில் மொத்தம் 24. சைனஸ் புகாரே இல்லாமல் வேறு காரணத்துக்கு ஸ்கேன் எடுத்தவர்களுக்கே சராசரியாக 4 போல வந்திருக்கிறது. ஜலதோஷத்தோடு எடுத்தால் கேட்கவே வேண்டாம். 1994இல் வந்த ஒரு பிரபலமான ஆய்வில், சாதாரண ஜலதோஷம் பிடித்த 31 பேருக்கு சி.டி. எடுத்தார்கள், 27 பேருக்குக் கன்ன சைனஸில் மாற்றம். பெரும்பாலானவர்களுக்கு இரண்டு வாரத்தில் ஆன்டிபயாட்டிக் இல்லாமலே சரியாகிவிட்டது. மூக்கு ஒழுக ஒழுக வந்து "அப்பாயின்ட்மென்ட் போட்டாச்சு, எடுத்துடுங்க" என்பவர்களிடம் நான் டாக்டருக்கு ஒரு போன் போடச் சொல்வது இதனால்தான். மருந்து முடித்து, ஜலதோஷம் இல்லாத நாளில் எடுக்கும் படம்தான் முடிவெடுக்க உதவும். எக்ஸ்-ரே போதுமா என்றால், போதாது.

மருந்து வழி

மலிவான, அதிகம் பேர் பாதியில் விடும் வழி இது. உப்புநீர்க் கழுவலும் ஸ்டீராய்டு ஸ்ப்ரேயும், இரண்டையும் விடாமல் 8 முதல் 12 வாரம். "ஸ்ப்ரே போட்டேன், கேட்கல" என்பவரிடம் எத்தனை நாள் என்று கேட்டால் பத்து நாள் என்பார். அந்த மருந்து நன்றாக வேலை செய்யவே சில வாரம் எடுக்கும்.

போடும் விதமும் முக்கியம். தலையைப் பின்னால் சாய்த்து உறிஞ்சினால் மருந்து தொண்டைக்குப் போய்விடும். லேசாகக் குனிந்து, வலது கையால் இடது மூக்கிலும் இடது கையால் வலது மூக்கிலும், நுனி காதுப் பக்கம் பார்க்கும்படி அடிக்க வேண்டும். நடுத் தண்டின் மேலேயே தினமும் அடித்தால் ரத்தம் கசியும். ஸ்டீராய்டு என்ற பெயரைக் கேட்டுப் பயப்படுகிறவர்களுக்கு: மொமெட்டசோன், ஃப்ளுடிகசோன் வகை ஸ்ப்ரேக்கள் ரத்தத்தில் சேரும் அளவு மிக மிகக் குறைவு. மாத்திரையாகச் சாப்பிடும் ஸ்டீராய்டு வேறு கதை. சர்க்கரைக்காரர்கள் அதில் கவனமாக இருக்க வேண்டும்.

கழுவலுக்கு 200 மி.லி.க்கு மேல் பிடிக்கும் பிழியும் பாட்டில் நல்லது. சின்ன ஸ்ப்ரே உப்புநீர் ஈரப்படுத்தும், கழுவாது. 240 மி.லி. தண்ணீருக்குக் கால் முதல் அரை டீஸ்பூன் அயோடின் இல்லாத உப்பு, ஒரு சிட்டிகை சமையல் சோடா. அல்லது கடையில் விற்கும் பாக்கெட். தண்ணீர் கொதித்து ஆறியதாகவே இருக்க வேண்டும். காவிரி, போர்வெல், டேங்கர், ஆர்.ஓ., கேன் எதுவானாலும் சரி. ஆர்.ஓ. தண்ணீர் குடிக்க நல்லது. கிருமியே இல்லாதது என்று அர்த்தமில்லை. கேரளத்தில் 2024, 2025இல் செய்திகளில் அடிபட்ட மூளையைத் தாக்கும் அமீபா வகைகளில் முக்கியமான ஒன்று, குடித்தால் ஒன்றும் செய்யாது. மூக்கு வழியாகப் போனால்தான் ஆபத்து.

இதற்கு நேர் எதிராக, உடனே மூக்கைத் திறந்துவிடும் சொட்டு மருந்துகள் இருக்கின்றன. சைலோமெட்டசோலின், ஆக்சிமெட்டசோலின் வகை. ஒரு வாரத்துக்குள் நிறுத்த வேண்டியதை மாதக்கணக்கில் போடுகிறவர்களுக்கு அந்த மருந்தே அடைப்பை உண்டாக்கும். ஆபரேஷன் முடிவுக்கு முன் இந்தச் சொட்டு மருந்துப் பழக்கம் இருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். ஆவி பிடிப்பது தற்காலிக சுகம். நொச்சி போட்டால் மணமாக இருக்கும். கொதிநீர்ப் பாத்திரத்தைக் குழந்தைகள் பக்கத்தில் வைக்காமல் இருந்தால் சரி.

ஆன்டிபயாட்டிக் பற்றிச் சொல்ல வேண்டும். மாதா மாதம் ஐந்து நாள் கோர்ஸ் என்று எடுப்பவர்கள் நிறைய. நாள்பட்ட அழற்சி பெரும்பாலும் கிருமித் தொற்று இல்லை, உட்பூச்சின் கோபம். பிரிட்டனில் ஐந்நூறுக்கு மேற்பட்ட நோயாளிகளை வைத்து நடந்து 2025இல் லான்செட் இதழில் வந்த ஆய்வு ஒன்று உண்டு. ஸ்ப்ரே, கழுவல் செய்தும் சரியாகாதவர்களை மூன்றாகப் பிரித்தார்கள்: ஒரு குழுவுக்கு ஆபரேஷன், ஒரு குழுவுக்கு மூன்று மாதம் கிளாரித்ரோமைசின், ஒரு குழுவுக்கு டம்மி மாத்திரை. ஸ்ப்ரேயும் கழுவலும் எல்லோருக்கும் தொடர்ந்தது. ஆறு மாதத்தில் ஆபரேஷன் குழு தெளிவாக முன்னேறியிருந்தது. ஆன்டிபயாட்டிக் குழுவுக்கு டம்மியைவிடப் பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை.

இதை நான் இரண்டு பக்கமும் சொல்வேன். மருந்து வேலை செய்யாது என்று முதல் வாரமே ஆபரேஷனுக்கு ஓடுகிறவர்களிடம், அந்த ஆய்வில் இருந்தவர்கள் மருந்து போட்டுத் தோற்ற பிறகு வந்தவர்கள் என்று. கத்தியே வேண்டாம் என்று ஐந்து வருடமாக ஆன்டிபயாட்டிக் விழுங்குகிறவர்களிடம், நீங்கள் காத்திருப்பதில் லாபம் இல்லை என்று.

ஃபெஸ் ஆபரேஷன்

முழு மயக்கம், முகத்தில் வெட்டு இல்லை, மூக்கு வழியாகவே எண்டோஸ்கோப்பும் கருவியும். பெரும்பாலும் ஓரிரு நாளில் வீடு. ஆபீஸுக்கு ஒரு வாரம் பத்து நாளில் போகலாம். ஆனால் சில வாரத்துக்குக் கனம் தூக்கக் கூடாது, மூக்கைச் சிந்தக் கூடாது. எண்டோஸ்கோப் வைத்துப் பொருக்கு சுத்தம் செய்யத் திரும்பத் திரும்பப் போக வேண்டும். இந்தப் பின்வேலையை எஸ்டிமேட் தாளில் யாரும் பெரிய எழுத்தில் போடுவதில்லை. ஒயிட்ஃபீல்டில் வேலை, ஆஸ்பத்திரி ஊரின் மறுகோடியில் என்றால் சில்க் போர்டு டிராஃபிக்கையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பலன் யாருக்கு அதிகம் என்பது நோயின் வகையைப் பொறுத்தது. ஒரு சந்து மட்டும் அடைத்து அதன் பின்னால் உள்ளவை நிரம்பியிருந்தால், சந்தைத் திறந்ததும் பிரச்சினை பெரும்பாலும் தீரும். ஒரு பக்கக் கன்ன சைனஸில் பூஞ்சை உருண்டை இருந்தால் மருந்தில் நேரத்தை வீணாக்காமல் ஆபரேஷன்தான்.

இரண்டு பக்கமும் பாலிப் (உட்பூச்சிலிருந்து புதிதாக முளைக்கும் சதை), வாசனை போய்விட்டது, ஆஸ்துமாவும் இருக்கிறது என்றால் நிலைமை வேறு. அங்கே நோய் உட்பூச்சு முழுவதிலும் இருக்கிறது. ஆபரேஷன் அதை வேரோடு எடுக்காது. பெல்ஜியத்தில் பாலிப் ஆபரேஷன் செய்தவர்களை 12 ஆண்டு பின்தொடர்ந்து 2019இல் வெளியிட்டார்கள்: ஏறத்தாழ ஐந்தில் நால்வருக்குப் பாலிப் திரும்ப வந்திருந்தது, மூன்றில் ஒருவருக்கும் சற்று அதிகமானோர் மறு ஆபரேஷன் செய்திருந்தார்கள். அப்படியானால் எதற்கு ஆபரேஷன்? வாசல் குறுகலாக இருக்கும்வரை பாட்டிலில் பீய்ச்சும் மருந்து அறைக்குள் அதிகம் போவதில்லை. திறந்த பிறகு போகும். அதாவது ஆபரேஷனுக்குப் பிறகுதான் கழுவலும் ஸ்ப்ரேயும் முழுதாக வேலை செய்யத் தொடங்கும். "ஆபரேஷன் பண்ணியும் ஸ்ப்ரே போடச் சொல்றாங்களே" என்று சலித்துக்கொள்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஆபத்து? கண்ணில் காயம், மூளைநீர்க் கசிவு, கடும் ரத்தப்போக்கு போன்ற பெரிய சிக்கல்கள் நூற்றில் ஒருவர் அல்லது அதற்கும் குறைவு. குறைவுதான், பூஜ்யம் இல்லை. சர்ஜனிடம் உட்கார்ந்து, "என் படத்தில் நீங்கள் பயப்படும் இடம் எது?" என்று கேளுங்கள். படத்தைத் திரையில் ஓட்டிக் காட்டி விளக்குகிறவரிடம் எனக்கு நம்பிக்கை அதிகம். ரிப்போர்ட் தாளை மட்டும் பார்த்துத் தேதி கொடுப்பவரிடம் குறைவு.

தண்டை மட்டும் நேராக்குவது

என் அக்கா மகன் கே.ஆர்.புரத்தில் இருக்கிறான். ஒரு நாள் ரிப்போர்ட்டை போட்டோ எடுத்து அனுப்பிவிட்டு, "மாமா, நாலு பிரச்சினை எழுதியிருக்காங்க. நாலையும் ஒரே ஆபரேஷன்ல முடிச்சிடலாம்னு சொல்றாங்க" என்றான். இடப்பக்கம் முள்ளோடு தண்டு வளைவு, வலப்பக்கம் கோன்கா புல்லோசா, இரண்டு கன்னத்திலும் லேசான தடிப்பு, கீழ்மடல் வீக்கம். விசாரித்தால் தினமும் ராத்திரி சொட்டு மருந்து. ஸ்ப்ரே பாட்டில் வாங்கினபடியே அலமாரியில்.

வேறொரு டாக்டரிடம் போனான். அவர் சொட்டு மருந்தை நிறுத்தச் சொன்னார். முதல் இரண்டு வாரம் ராத்திரி தூக்கமே இல்லை என்று புலம்பினான். கழுவலும் ஸ்ப்ரேயும் மூன்று மாதம் போனது. சளி நின்றது, கன்னத்து அழுத்தம் போனது, வாசனை திரும்பியது. இடது மூக்கு அடைப்பு மட்டும் அப்படியே. எண்டோஸ்கோப்பில் சைனஸ் வாசல்கள் சுத்தமாக இருந்தன. கடைசியில் தண்டை நேராக்கும் செப்டோபிளாஸ்டி மட்டும் செய்தார்கள். வலப்பக்கக் கோன்கா புல்லோசா இன்றும் அங்கேயே இருக்கிறது, யாருக்கும் தொந்தரவில்லை.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் கிருஷ்ணகிரியிலிருந்து அக்கா போன்: "ஏன்டா தம்பி, உள்ளே எலும்பை எடுத்துட்டா பையன் மூக்கு சப்பையாயிடாதா? பொண்ணு பார்க்கிற நேரம்." பொதுவாக ஆகாது. முன்விளிம்பிலும் மேல்விளிம்பிலும் ஒரு செ.மீ.க்குக் குறையாமல் குருத்தெலும்பை விட்டுவைத்துத்தான் மற்றதைச் சரிசெய்வார்கள். மூக்கின் வடிவத்தைத் தாங்குவது அந்தப் பட்டைதான்.

செப்டோபிளாஸ்டி அடைப்புக்கு நன்றாக உதவும். 2023இல் வந்த பிரிட்டிஷ் ஆய்வும் மருந்தைவிட அது மேல் என்றே காட்டியது. ஆனால் அது அடைப்புக்கான வைத்தியம், சைனஸ் அழற்சிக்கானது இல்லை. ஃபெஸ்ஸோடு இதையும் சேர்த்துச் செய்யச் சொன்னால் காரணம் கேளுங்கள். வளைவு மறைப்பதால் கருவி உள்ளே போக வழி வேண்டும் என்பது நியாயமான காரணம். கீழ்மடலை முழுதாக வெட்டி எடுப்பதற்கு மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள். குறைப்பது வேறு, மொத்தமாக எடுத்தால் மூக்கு காய்ந்து, வழி அகலமாக இருந்தும் மூச்சு போதவில்லை என்ற உணர்வு சிலருக்கு வந்துவிடும்.

"மூக்கில் சதை வளர்ந்திருக்கு" என்று டாக்டர் சொன்னால் அது கீழ்மடல் வீக்கமா, பாலிப்பா என்று தெளிவாகக் கேட்டுவிடுங்கள். ஒன்று எல்லோருக்கும் இருக்கும் உறுப்பு பெரிதாவது. மற்றது புதிதாக முளைப்பது. வழியே மாறிவிடும்.

பலூனும் ஊசியும்

பலூன் முறை 2005 வாக்கில் புழக்கத்துக்கு வந்தது. வாசலில் சிறு பலூனை வைத்து ஊதி அகலமாக்குவார்கள். கன்னம், நெற்றி, ஆழத்து சைனஸ் மூன்றுக்கும் பயன்படும்; நடுச் சிற்றறைகளுக்கு உதவாது, பாலிப்புக்கும் உதவாது. நம்மிடம் வரும் நோயாளிகளில் பலருக்குச் சிற்றறைகளிலும் நோய் இருக்கிறது. அதனால் விலைக்கேற்ற பலன் சிலருக்கே கிடைக்கும் என்பது என் எண்ணம்.

அழற்சியைத் தூண்டும் பொருட்களைத் தடுக்கும் உயிரியல் ஊசிகள் இங்கே பாலிப் நோய்க்குப் பயன்படுபவை. பாலிப்புக்காக டுபிலுமாப் ஊசிக்கு அமெரிக்க அனுமதி 2019இல் கிடைத்தது. பிறகு ஒமலிசுமாப், மெபோலிசுமாப். ஆபரேஷனுக்குப் பிறகும் பாலிப் திரும்பி, ஆஸ்துமாவும் சேர்ந்து, அடிக்கடி ஸ்டீராய்டு மாத்திரை தேவைப்படுகிறவர்களுக்கு இவை பெரிய வரம். போன வாசனை திரும்ப வருகிறது. ஆனால் டுபிலுமாப் வழக்கமாக இரண்டு வாரத்துக்கு ஒரு ஊசி, நிறுத்தினால் நோய் திரும்பலாம், விலை மிக அதிகம். சாதாரண சைனஸுக்கு இதை யாராவது முதலிலேயே எழுதினால் இன்னொரு டாக்டரைப் பாருங்கள். பாலிப்பும் ஆஸ்துமாவும் உள்ளவர்களில் சிலருக்கு ஆஸ்பிரின், புரூஃபென் வகை வலி மாத்திரை கடும் மூச்சுத்திணறலைத் தூண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஒரு பக்கம் மட்டும் என்றால்

படத்தில் ஒரே பக்கக் கன்ன சைனஸ் மட்டும் நிரம்பி, மறுபக்கம் கண்ணாடி போல் இருந்தால் முதலில் பல் டாக்டரைப் பார்க்கச் சொல்வேன். மேல்கடைவாய்ப் பற்களின் வேர் அந்த சைனஸின் தரையைத் தொட்டபடி இருக்கும். வேர் சீழ் வைத்தாலோ, பல் பிடுங்கிய குழி மூடாமல் போனாலோ சைனஸ் நிரம்பும்; ஒரு பக்கம் மட்டும் துர்நாற்றச் சளி வரும். பல்லைச் சரிசெய்யாமல் எத்தனை ஃபெஸ் செய்தாலும் திரும்ப வரும். ஒரு பக்க வளர்ச்சியும் ரத்தக்கசிவும் இருந்தால் கட்டி இல்லை என்று உறுதி செய்ய திசுப் பரிசோதனை அவசியம்.

கண் வீங்கியிருக்கிறது, இரண்டிரண்டாகத் தெரிகிறது, நெற்றி வீங்கிக் கடும் தலைவலி, சர்க்கரை அதிகமுள்ளவருக்கு முகம் மரத்துப் போகிறது என்றால் ஒப்பீடே வேண்டாம், அன்றைக்கே எமர்ஜென்சி. 2021இல் கறுப்புப் பூஞ்சை எப்படிப் பரவியது என்பதை இந்த ஊரில் யாரும் மறந்திருக்க முடியாது.

பணமும் தாளும்

கார்ப்பரேட் ஆஸ்பத்திரியில் ஃபெஸ் லட்சத்தைத் தாண்டும். பௌரிங், விக்டோரியா போன்ற அரசு ஆஸ்பத்திரிகளில் மிகக் குறைந்த செலவில் முடியும். வரிசையில் காத்திருக்கப் பொறுமை வேண்டும். தனியாக எடுத்த பாலிசி பலவற்றில் மூக்கு, சைனஸ் ஆபரேஷனுக்கு இரண்டு ஆண்டு காத்திருப்பு இருக்கும். கம்பெனி குரூப் பாலிசியில் அது பெரும்பாலும் இருக்காது. இதனால் ஐ.டி. பசங்கள் வேலை மாறுவதற்கு முன் அவசரமாக ஆபரேஷன் தேதி வாங்குவதைப் பார்க்கிறேன். மருந்தை முழுசாகப் போட்டுப் பார்த்தவர் என்றால் அந்த அவசரத்தில் தப்பில்லை. நோட்டீஸ் பீரியட் 90 நாள் என்றால் கழுவலும் ஸ்ப்ரேயும் போட்டுப் பார்க்க அதுவே சரியான காலம். ராஜினாமா மெயில் அனுப்பிய அன்றைக்கே பாட்டிலையும் வாங்கிவிடலாம்.

இரண்டாவது கருத்து கேட்கப் போகும்போது ஃபிலிமையும் தாளையும் மட்டும் எடுத்துப் போகாதீர்கள். ஸ்கேன் சென்டரில் டிஸ்க் அல்லது லிங்க் கேளுங்கள். ஃபிலிமில் பொறுக்கி எடுத்த சில வெட்டுகள்தான் இருக்கும். டிஸ்க்கில் நூற்றுக்கணக்கில் இருக்கும், சர்ஜனுக்கு அதுதான் வேண்டும். கேட்டால் நாங்கள் தருவோம். பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை.